முதுமையில் பார்வை இழந்தோருக்கும் மாற்றுத்திறனாளி அட்டை உண்டு

கண்நீர் அழுத்த நோயாலோ (குளுக்கோமா) சர்க்கரை நோயாலோ அறுபது, எழுபது வயதில் பார்வை இழந்தவர்கள் பலர், “வயசானா அப்படித்தான்” என்று வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறார்கள். தாங்களும் சட்டப்படி மாற்றுத்திறனாளிகள் என்பது அவர்களுக்கும் தெரிவதில்லை, பிள்ளைகளுக்கும் தெரிவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பார்வை எந்த வயதில் போனது என்று கேட்பதில்லை. தகுந்த கண்ணாடி அணிந்த பிறகும் நல்ல கண்ணின் பார்வை 3/60க்குக் கீழ் இருந்தால், அதாவது மற்றவர்கள் 60 மீட்டரில் காண்பதை 3 மீட்டரில்கூடக் காண முடியாவிட்டால், அது பார்வையின்மை. எழுத்தைப் படிக்க முடிந்தாலும் பார்வைப் பரப்பு, அதாவது கண்ணை அசைக்காமல் ஒரே நேரத்தில் காணக்கூடிய பரப்பு, 10 பாகைக்குக் (டிகிரிக்கு) குறைவாகச் சுருங்கியிருந்தால் அதுவும் பார்வையின்மையே. பக்கவாட்டில் வரும் வண்டியோ வாசற்படியோ தெரியாமல் இடறி விழும் கண்நீர் அழுத்த நோயாளிகள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த அளவை எட்டாத குறைபார்வைக்கும் சட்டத்தில் தனி இடம் உண்டு.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் வழிகாட்டுவார்கள். அரசு மருத்துவமனைக் கண் மருத்துவர் பரிசோதித்துக் குறைபாட்டின் விழுக்காட்டைச் சான்றளிப்பார். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு தேவை. காரணம் கண்புரை என்றால் முதலில் அறுவை சிகிச்சை செய்துகொள்வதே நல்லது, அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணம் இல்லை.

தமிழ்நாட்டில் 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வாசலிலேயே எடைபோட்டுத் தருகிறது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை ரேஷன் கடையில் கேட்டறியலாம்.

2021 முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். பார்வையற்றவருக்கு எல்லா மாத்திரை அட்டைகளும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், காலை மாத்திரைக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு மாத்திரைக்கு இரண்டு என்று போட்டுத் தரும்படி அந்தத் தன்னார்வலரிடம் தயங்காமல் கேளுங்கள். அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அது என்பேன்.

எங்கே கேட்பது என்று தெரியாத முதியோர், காலை 8 முதல் இரவு 8 மணி வரை 14567 என்ற கட்டணமில்லா உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.