வெட்டும் முன் ஒளிரவிட்டுப் பார்க்கும் அறுவை சிகிச்சை

பெருங்குடலில் புற்றுநோய் வந்த பகுதியை வெட்டி எடுத்தாகிவிட்டது. மிச்சமிருக்கும் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும். இந்த இடத்தில் அறுவை சிகிச்சை நிபுணரைக் குடைகிற கேள்வி ஒன்றுதான்: இந்த முனைகளுக்கு ரத்தம் ஒழுங்காக வருகிறதா? வராவிட்டால் தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஒட்டாது. சில நாட்களில் இணைப்பு விட்டுப்போய், குடலில் இருப்பது வயிற்றுக்குள் கசியும். நோயாளி மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்கு வர வேண்டியிருக்கும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

இதைத் தெரிந்துகொள்ளப் பழைய வழிகள் உண்டு. குடல் இளஞ்சிவப்பாக இருக்கிறதா, ஓரத்தை லேசாக வெட்டினால் ரத்தம் துளிர்க்கிறதா, குடலைத் தாங்கும் சவ்வில் நாடித் துடிப்பு விரலில் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள். இவற்றில் கடைசி வழியை, சிறு துளைகளில் கேமராவும் கருவிகளும் நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி பறித்துக்கொண்டது. 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுத்துக் காட்டினார். அந்த முறை பரவப் பரவ, மருத்துவரின் கை வயிற்றுக்கு வெளியே நின்றுவிட்டது. மருத்துவர் தள்ளி உட்கார்ந்து இயக்கும் ரோபோ வந்ததும் தொடுவுணர்வு இன்னும் தள்ளிப்போனது. திசு எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் கைக்கு உணர்த்தும் கருவிகள் டா வின்சி ரோபோ வரிசையில் 2024இல்தான் வந்து சேர்ந்தன. விரல் இழந்ததைக் கண்தான் ஈடுகட்ட வேண்டும் என்ற நிலை. அதற்காக அந்தக் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கொண்டுவந்தார்கள்.

ரோபோவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், ஆபரேஷன் நடக்கும்போது எடுக்கிற முடிவுகளை அதைவிட நேரடியாக மாற்றியது இந்த ஒளிதான்.

இதன் நாயகன் புதிய பொருளே அல்ல. இண்டோசயனின் கிரீன் என்ற கரும்பச்சைச் சாயம் 1950களிலிருந்தே மருத்துவமனைகளில் இருக்கிறது. புகைப்படச் சுருள் தயாரித்த கோடாக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்தது அது. இதயம் எவ்வளவு ரத்தத்தை இறைக்கிறது, கல்லீரல் சரியாக வேலை செய்கிறதா என்று அளப்பதற்கே பல காலம் பயன்பட்டது. ஒளிரும் குணம் அதற்கு இருந்தாலும், அதைப் படம் பிடிக்கும் கேமரா லேப்ராஸ்கோப்புக்குள் அடங்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

இது வேலை செய்வதன் சூட்சுமம் அலைநீளத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியை ரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடுகிறது. அலைநீளம் 900 நானோமீட்டரைத் தாண்டிப் போனால் உடலிலுள்ள தண்ணீர் விழுங்கத் தொடங்கும். நடுவில், ஏறக்குறைய 650 முதல் 900 நானோமீட்டர் வரை, இரண்டுமே அதிகம் தடுக்காத ஓர் இடைவெளி இருக்கிறது. இருட்டில் விரல்களுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் சிவப்பு மட்டும் ஊடுருவி வருவதும் இந்த இடைவெளியின் விளிம்பில்தான். இண்டோசயனின் கிரீன் சுமார் 800 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சி, 830 நானோமீட்டர் வாக்கில் திருப்பி உமிழ்கிறது. இரண்டுமே அந்த இடைவெளிக்குள் அழகாக உட்கார்ந்துகொள்கின்றன. அதனால் 5 முதல் 10 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதைக்கூடக் கேமரா பிடித்துவிடும். அனுப்பிய ஒளியைக் கேமராவின் வடிகட்டி தடுத்து, திரும்பி வரும் ஒளியை மட்டும் உள்ளே விடுகிறது. மற்றபடி, திரையில் மினுங்கும் பச்சை கம்ப்யூட்டர் பூசியது. அகச்சிவப்புக்கு நம் கண்ணில் நிறம் ஏது?

குடல் முனையைச் சோதிக்கும் அந்த ஓரிரு நிமிடங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன் என்றால் முதலில் மேலே இருக்கும் பெரிய விளக்குகளை அணைக்கவோ திருப்பவோ வேண்டும். அவற்றிலும் அகச்சிவப்பு கலந்திருந்தால் படம் வெளிறிவிடும். மயக்க மருந்து நிபுணர் சில மில்லிகிராம் சாயத்தை ரத்த நாளத்தில் ஏற்றுகிறார். அது உடனே ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் நாளங்களை விட்டு எளிதில் வெளியேறாது. ஒரு நிமிடத்துக்குள் திரையில் தமனிகள் பளிச்சிடும், பிறகு குடல் சுவர் பரவலாக ஒளிரும். ஒளி எங்கே சட்டென்று நிற்கிறதோ அங்கே ஒரு கோடு. வெட்ட நினைத்திருந்த இடம் அந்தக் கோட்டுக்கு இருட்டுப் பக்கம் விழுந்தால், ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டிக்கொள்வார்கள். இதற்கிடையில் மானிட்டரில் நோயாளியின் ஆக்சிஜன் அளவு கொஞ்சம் இறங்கியதுபோல் காட்டலாம். பதற வேண்டியதில்லை, விரலில் மாட்டிய கருவியும் ஒளியை வைத்தே அளக்கிறது, சாயம் அதையும் சற்று ஏமாற்றிவிடுகிறது.

ஏமாறுவது கருவி மட்டுமல்ல, கண்ணும் ஏமாறும். சில நிமிடங்கள் தாமதித்துப் பார்த்தால், ரத்த ஓட்டம் இல்லாத பகுதிக்குள்ளும் சாயம் பக்கத்திலிருந்து மெல்லப் பரவி, நன்றாக இருப்பதுபோல் காட்டும். கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் பிரகாசம் கூடும், தள்ளிப் பிடித்தால் மங்கும், சாய்த்தால் மாறும். ஆக "எவ்வளவு பச்சை இருந்தால் போதும்" என்பதற்கு எல்லாக் கேமராவுக்கும் பொருந்தும் எண் இல்லை. பிரகாசத்தை விட்டுவிட்டு, ஒளி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்ற வளைவை மென்பொருளால் அளக்கும் முயற்சிகள் நடக்கின்றன. இதுவே சரியான வழி என்று தோன்றுகிறது. தூரம் படத்தின் பிரகாசத்தைக் குறைத்தாலும், சாயம் வந்து சேரும் நேரத்தை மாற்றாது.

அப்படியானால் கசிவு உண்மையில் குறைகிறதா? மலக்குடல் புற்றுநோய் நோயாளிகளிடம் ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில் கசிவு 11.8 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதமாகக் குறைந்தது. அமெரிக்காவில் அதே போன்ற இன்னொரு சோதனையில் சாயம் பயன்படுத்தியவர்களிடம் 9.0, பயன்படுத்தாதவர்களிடம் 9.6 சதவீதம், சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. போதிய நோயாளிகள் சேராமல் அது பாதியிலேயே நின்றது. ரத்த ஓட்டம் கசிவுக்கு ஒரு காரணம் மட்டுமே. தையல் இழுபடுவது, புகைபிடித்தல், முன்பே எடுத்த கதிர்வீச்சு சிகிச்சை என மற்றவற்றை எந்தச் சாயத்தாலும் பார்க்க முடியாது.

பித்தப்பை ஆபரேஷனில் இதே சாயத்துக்கு வேறொரு வேலை. வெட்ட வேண்டியது பித்தப்பையிலிருந்து வரும் சிறுநாளத்தை. தொடவே கூடாதது கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பொதுப் பித்தநாளத்தை. அழற்சியால் எல்லாம் வீங்கி, கொழுப்பு மூடிக்கிடக்கும்போது ஒன்றை மற்றொன்றாக நினைத்து வெட்டிவிடும் விபத்து அரிது, ஆனால் கொடியது. சாயத்தை உடலிலிருந்து அகற்றுவது கல்லீரல் மட்டுமே. அது பித்தத்தோடு கலந்து வெளியே வரும். எனவே சில மணி நேரம் முன்பே ஏற்றிவிட்டால், ஆபரேஷன் நேரத்தில் நாளங்கள் கொழுப்பின் ஊடாகவே ஒளிரும். கடைசி நேரத்தில் ஏற்றினால் கல்லீரலே வெளிச்சக் குழம்பாகி நாளங்களை மறைத்துவிடும். குடலுக்கு நொடிக்கணக்கு, பித்தநாளத்துக்கு மணிக்கணக்கு.

சாயமே தேவைப்படாத ஓர் இடமும் உண்டு. தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அரிசிமணி அளவிலான பாராதைராய்டு சுரப்பிகள் பொதுவாக நான்கு. தைராய்டை எடுக்கும்போது இவையும் தவறிப் போய்விட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி உதடு மரத்துப்போகும், தசைகள் இழுக்கும். இவை அகச்சிவப்பு ஒளி பட்டால் தாமாகவே, பக்கத்திலிருக்கும் தைராய்டைவிட அதிகமாக ஒளிர்வதை அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர் 2011இல் வெளியிட்டார்கள். எந்த மூலக்கூறு இதைச் செய்கிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஒரு சிக்கல் என்னவென்றால், ரத்தம் நின்றுபோன சுரப்பியும், வெட்டி வெளியே வைத்த சுரப்பியும்கூட அதே மாதிரி ஒளிரும். இருக்கிறதா என்று சொல்லும். உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு மறுபடியும் சாயம்தான்.

மூளைக் கட்டிகளில் கதை வேறு மாதிரி. கிளியோமா என்ற கட்டிக்கும் நல்ல மூளைக்கும் ஓரத்தில் எல்லையே தெரியாது. ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு நோயாளி 5-அமினோலெவுலினிக் அமிலம் கலந்த நீரைக் குடிக்கிறார். ஹீமோகுளோபினின் ஹீம் பகுதியை உருவாக்கும் பாதையில் வரும் பொருள் இது. தீவிரமான கட்டியின் செல்களில் அந்தப் பாதை பாதியில் தேங்கி, புரோட்டோபார்ஃபிரின் என்ற ஒளிரும் பொருள் குவிகிறது. நீல ஒளியில் கட்டி சிவந்து ஒளிரும். 2006இல் ஜெர்மனியிலிருந்து வெளியான சோதனையில், ஸ்கேனில் தெரியும் கட்டி முழுவதும் அகற்றப்பட்டவர்கள் 36 சதவீதத்திலிருந்து 65 சதவீதமானார்கள். ஓரிரு நாள் நோயாளி பலமான வெளிச்சத்தில் படக்கூடாது, பட்டால் தோல் எரியும்.

இப்போது ஆய்வுகள் போகும் திசை, புற்றுநோயையே தேடிப் போகும் சாயங்கள். 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாஃபோலாசியனின், சினைப்பைப் புற்றுநோய்ச் செல்களில் மிகுந்திருக்கும், ஃபோலேட் என்ற வைட்டமினைப் பிடிக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. 2024இல் வந்த பெகுலிசியனின் மார்பகத்துக்கானது: கட்டியைச் சுற்றியுள்ள நொதிகள் அதைத் துண்டிக்கும்போதுதான் ஒளிரத் தொடங்கும். கட்டியை எடுத்தபின் உருவாகும் குழியைக் கையடக்கக் கருவியால் துழாவி, மிச்சம் தேடுகிறார்கள். அதன் சோதனையில் 357 பெண்களில் 27 பேரிடம், வழக்கமான ஆபரேஷன் முடிந்த பிறகும் தங்கியிருந்த புற்றுத் திசு இந்த ஒளியால் அகப்பட்டது. ஆனால் இருந்த மிச்சத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் அது பிடித்தது. கடுமையான ஒவ்வாமை வரலாம் என்ற எச்சரிக்கையும் மருந்தோடு வருகிறது. ஆகவே எடுத்த திசுவை நோயியல் நிபுணரின் நுண்ணோக்கிக்கு அனுப்புவது அப்படியே தொடர்கிறது. ஒளிராத ஓரத்தை நம்பி யாரும் அந்தப் படியைத் தாண்டுவதில்லை.