துள்ளும் பேட்டரி தீர்ந்துபோன பேட்டரியா?

தீர்ந்த பேட்டரியை மேசைமேல் போட்டால் துள்ளும், புதியது துள்ளாது என்கிறார்களே, உண்மையா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். துள்ளினால் குப்பையில் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தார்.

துள்ளுவது உண்மைதான். ஒரு புது ஆல்கலைன் பேட்டரியையும் பழையதையும் தட்டையான மைனஸ் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து, நாலைந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். புதியது தொப்பென்று உட்காரும். பழையது டக்கென்று எகிறிச் சாயும்.

பேட்டரிக்குள் நேர்முனையில் மாங்கனீஸ் டைஆக்சைடு, எதிர்முனையில் துத்தநாகம். பள்ளியில் படித்ததுதான். ஆனால் இங்கே துத்தநாகம் தகடாக இல்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த கூழில் பொடியாகக் கிடக்கிறது. ஈர மணல் மூட்டை கீழே விழுந்தால் துள்ளுமா? உள்ளே துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, விழுந்த வேகத்தை விழுங்கிவிடும். புது பேட்டரியும் அப்படித்தான். மின்சாரம் எடுக்க எடுக்கத் துத்தநாகம் ஆக்சைடாக மாறுகிறது. அந்த ஆக்சைடு துகளுக்கும் துகளுக்கும் நடுவே பாலம் கட்டுகிறது. கூழ் மெல்ல மெல்லப் பீங்கான்போல இறுகுகிறது. இறுகியது துள்ளுகிறது!

2015இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஸ்டைங்கார்ட்டின் குழு இதை அளந்து பார்த்தது. ஏறக்குறைய பாதி சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே துள்ளல் உச்சத்துக்குப் போய் நின்றுவிடுகிறதாம். ஆக, துள்ளினால் புதியது அல்ல என்று மட்டுமே அர்த்தம்.

சரி, பொம்மை காரை ஓட்ட முடியாத பேட்டரியைச் சுவர்க் கடிகாரத்தில் போடுங்கள், இன்னும் கொஞ்ச காலம் ஓடும். அதுவும் நின்ற பிறகு உள்ளேயே மறந்துவிட்டால் அந்தப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து வெள்ளையாகப் பூக்கும்.

சதுரமான 9 வோல்ட் பேட்டரிக்கு இரு முனைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், குப்பையில் ஒரு உலோகத் துண்டு குறுக்கே பட்டாலே சூடேறிவிடும். முனைகளில் டேப் ஒட்டுங்கள். லித்தியம் பேட்டரி இன்னும் ஆபத்து. உள்ளே இரு முனைகளையும் பிரிப்பது முடியைவிட மெல்லிய ஒரு தாள். குப்பை வண்டி நசுக்கும்போது அது கிழிந்தால் தீப்பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் சேர்த்து, பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள்.

அப்புறம் மறுசுழற்சி ஆலையில் அந்த இறுகிய கட்டியை நொறுக்குகிறார்கள். எஃகு உறையைக் காந்தம் இழுத்துக்கொள்கிறது. மிஞ்சும் கறுப்புப் பொடியிலிருந்து துத்தநாகத்தையும் மாங்கனீஸையும் திரும்ப எடுக்கிறார்கள்.