குளிசைப் பையைக் கொட்டிப் பார்க்கத் தெரிந்த தாதி

மட்டக்களப்பில் தாதியியல் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "மிஸ், நேர்ஸ் பிரக்டிஷனர் படிச்சா டொக்டர்மார் மாதிரி மருந்து எழுதலாமா?" நேர்ஸ் பிரக்டிஷனர் என்பவர், மேற்படிப்புப் படித்து, நோயாளியைத் தானே பரிசோதித்து முடிவெடுக்கும் தாதி. மருந்து எழுதச் சட்டம் இடம் கொடுக்கும் நாட்டில் எழுதலாம். ஆனால் மருந்து எழுதும் உரிமையை மட்டும் பார்த்தால் அந்தப் படிப்பின் பெரும்பகுதி கண்ணில் படாது. வயதுவந்தோருக்கும் முதியோருக்குமான ஆரம்பப் பராமரிப்பு என்ற பிரிவில், ஒரு மருந்தை எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் ஆழமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. நம் பக்கத்துக்கு மிகவும் தேவைப்படுவதும் அந்தப் படிப்புத்தான்.

படுவான்கரையிலிருந்து கிளினிக்குக்கு வரும் ஒரு பெத்தாவைச் சொல்கிறேன். எழுபதைத் தாண்டியவர். பிரஷர், சீனி வருத்தம், முழங்கால் வலி. பிள்ளைகளில் ஒருவர் கட்டாரில், பேரப்பிள்ளைகள் இவரிடம். "தல சுத்துது மகள், ராவைக்கு எழும்பினா செவரப் புடிச்சித்தான் போற" என்றார். கதிரையில் இருத்திப் பார்த்தால் பிரஷர் நன்றாகத்தான் இருந்தது. படுக்க வைத்து ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை, எழுந்து நின்றதும் ஒருமுறை, மூன்று நிமிடம் நின்றபின் ஒருமுறை பார்த்தேன். படுத்திருக்கும்போது 150 இருந்த மேல் அளவு, நின்றதும் 118க்கு இறங்கியது. மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே அது கவனிக்க வேண்டிய விஷயம்.

அவர் கொண்டுவந்த சொப்பிங் பேக்கை மேசையில் கொட்டினோம். கிளினிக்கில் பிரஷருக்குக் கொடுத்த லொசார்டான் ஒரு கவரில். காசு கட்டி டொக்டரைப் பார்க்க சனலிங் போன இடத்தில் எழுதிய லொசார்டான், வேறு கம்பனிப் பெயரில், இன்னொரு கவரில். இரண்டையும் குடித்து வந்திருக்கிறார். நீர் போகிற குளிசை ஒன்று. முழங்காலுக்கு பாமசியில் கேட்டு வாங்கிய டைக்ளோபெனாக். தடிமனுக்கு வாங்கி, நித்திரை வருகிறது என்று இரவில் தொடர்ந்து போட்டுவந்த பிரிட்டோன். லொசார்டானும் நீர்க்குளிசையும் டைக்ளோபெனாக்கும் ஒன்றாகப் போனால் சிறுநீரகம் அடிபடலாம். பிரிட்டோன் இளையவருக்குத் தூக்கத்தோடு போய்விடும். முதியவருக்கு வாய் காயும், மலம் இறுகும், சலம் அடைக்கும், புத்தி தடுமாறும், ஆளையே விழுத்தும். டொக்டரிடம் சொன்னேன். அவர் இரட்டிப்பாக இருந்ததையும் டைக்ளோபெனாக்கையும் பிரிட்டோனையும் அன்றே நிறுத்தினார். வெளியே அவருக்காகக் காத்திருந்த வரிசையைப் பார்த்தால், அந்தப் பையைக் கொட்டிப் பார்க்க அவருக்கு நேரமில்லை என்று குறை சொல்ல எனக்கு மனம் வராது. எல்லாக் குளிசையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவும், பார்த்ததன் பேரில் முடிவெடுக்கவும் படித்த ஆள் அங்கே இல்லை. குறை அதுதான்.

அப்படியான ஆளை உருவாக்கும் படிப்பு அமெரிக்காவில் 1965இல் தொடங்கியது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா போர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். முதலில் பிள்ளைகளுக்காக மட்டும். வயதுவந்தோர், முதியோர் என்று தனித்தனியாக இருந்த பிரிவுகளை ஒன்றாக்க 2008இல் தீர்மானித்தார்கள். பராமரிப்பின் கீழ் வருபவர்களில் வயதானவர்கள் கூடிக்கொண்டே போவதால், வயதுவந்தோரைப் பார்க்கும் எவரும் முதுமையைப் படிக்காமல் இருக்க முடியாது என்ற நிலை வந்தது. இலங்கையிலும் 2012 குடிசன மதிப்பீட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 வீதம்.

பாடங்களின் முதுகெலும்பு மூன்று: நோய் உடலில் எப்படி வேலை செய்கிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது, ஒருவரைத் தலை முதல் கால் வரை எப்படிப் பரிசோதிப்பது. பெயரைப் பார்த்தால் தாதியியல் டிப்ளோமாவில் படித்ததுதானே என்று தோன்றும். டிப்ளோமாவில் மெட்போமின் சீனிக்கு என்று படித்தோம். இங்கே சிறுநீரக வடிகட்டல் அளவு 30க்குக் கீழே போனால் அதை நிறுத்த வேண்டும், 30க்கும் 45க்கும் இடையில் புதிதாகத் தொடங்கக் கூடாது என்று தெரிந்து, தன் பெயரில் கையெழுத்து வைக்க வேண்டும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்று, மார்க் பியர்ஸ் என்ற வைத்தியரின் முயற்சியில் 1991இல் வந்தது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதை 2023இலும் புதுப்பித்தது. பெத்தாவின் பையில் இருந்த பிரிட்டோன் வகை மருந்துகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பரிசோதனையும் அதை விளங்கிக்கொள்ளும் விதமும். கதிரையில் இருந்து எழுந்து, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்கச் சொல்வார்கள். 12 செக்கன் அல்லது அதற்கு மேல் எடுத்தால் விழும் ஆபத்து உண்டு. இதற்கு ஒரு கதிரையும் மணிக்கூடும் போதும். ஞாபக சக்தியைப் பார்க்க மூன்று சொற்களைச் சொல்லி, மணிக்கூட்டு முகம் வரையச் சொல்லி, பிறகு அந்தச் சொற்களைத் திருப்பிக் கேட்பார்கள். சரி, பள்ளிக்கூடமே போகாமல், பேனை பிடிக்காமல் வளர்ந்த ஒருவரிடம் மணிக்கூடு வரையச் சொன்னால்? அவர் வரையாததை மறதி நோய் என்று எழுதிவிடலாமா? எழுதக் கூடாது. சமையலில் உப்பு இரண்டு தரம் போடுகிறாரா, தெரிந்த ஒழுங்கையில் வழி தப்புகிறாரா என்று வீட்டாரிடம் கேட்டறிய வேண்டும். மதிப்பெண்ணை ஆளோடு வைத்துப் பார்க்கும் இந்தப் பக்குவம் புத்தகத்தோடு வராது. அதனால்தான் மேற்பார்வையில் நேரடியாக நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தை, 500 மணித்தியாலமாக இருந்ததை, 2022இல் 750 ஆக்கினார்கள்.

இந்தப் பயிற்சியில் வரும் இன்னொரு கேள்வி: உங்களுக்கு எது முக்கியம்? வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு நடந்து போக வேண்டும் என்பார் ஒருவர். அவருக்கு முழங்கால்தான் முதல் நோய், சீனி இரண்டாவது. காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஒரு மூத்தம்மா, நோன்பை விடமாட்டேன் என்பார். "நோன்பு பிடிக்காதீங்க" என்று ஒரு வசனத்தில் முடித்துவிட்டால் அவர் சொல்லாமலே பிடிப்பார், பின்னேரம் சீனி இறங்கி விழுவார். ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு முன்பே கூப்பிட்டு, நோன்பு அவருக்குப் பாதுகாப்பானதா என்று பார்த்து, எந்தக் குளிசையை சஹருக்கும் எதை இஃப்தாருக்கும் மாற்றுவது, சீனி எவ்வளவுக்கு இறங்கினால் நோன்பைத் திறப்பது என்று பேசி வைக்க வேண்டும்.

இலங்கையில் இந்தப் பதவி இன்னும் இல்லை. மூன்று வருட டிப்ளோமா இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் தாதியியல் பட்டம் இருக்கிறது. பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வைத்தியரல்லாத ஒருவர் மருந்து எழுதுவது நம் நாட்டுக்குப் புதிது என்று யாரும் சொல்ல வேண்டாம். அப்போதிக்கரி ஐயாவிடம் மருந்து எடுத்து வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. ஆர்.எம்.ஓ. (பதிவுபெற்ற மருத்துவ உத்தியோகத்தர்) என்று அழைக்கப்பட்டவர்கள் எத்தனையோ கிராமத்து ஆஸ்பத்திரிகளைத் தனியாகவே கொண்டு நடத்தினார்கள். அந்த வழி அடைபட்டுப் பல வருடமாகிறது. படித்த தாதிக்கு, வரையறுத்த மருந்துப் பட்டியலோடும் பொறுப்புச் சொல்லும் டொக்டரோடும், அந்த வழியைத் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வெளிநாடு போய்ப் படிக்க நினைப்பவர்களுக்குச் சில விஷயம். அமெரிக்காவில் இது முதுமாணி அல்லது கலாநிதி மட்டப் படிப்பு. அதற்கு முன் அங்கே பதிவுபெற்ற தாதியாக வேண்டும். அதற்குத் தனிப் பரீட்சை. படிப்பு முடிந்த பிறகு தேசியச் சான்றிதழ்ப் பரீட்சை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்தல். சில மாநிலங்களில் தனித்து வேலை செய்யலாம், சிலவற்றில் டொக்டரோடு ஒப்பந்தம் வேண்டும். "முழுவதும் ஒன்லைனில்" என்ற விளம்பரத்தைப் பார்த்து காசு கட்டிவிடாதீர்கள். பாடத்தை ஒன்லைனில் படிக்கலாம். அந்த 750 மணித்தியாலத்தை ஆட்களுக்கு முன்னால் நின்றுதான் முடிக்க வேண்டும். அதற்கு மேற்பார்வையாளரைப் பல்கலைக்கழகம் தேடித் தருமா, நீங்களே தேட வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் கடும் நோயாளிகளைப் பார்க்கும் பிரிவு வேறு, இது வேறு. விண்ணப்பத்தில் அதைச் சரியாகப் பாருங்கள். அந்தப் பட்டத்தோடு திரும்பி வந்தாலும் இன்றைய சட்டப்படி இங்கே மருந்து எழுத முடியாது.

அதுவரை, எழுந்து நிற்க வைத்துப் பிரஷர் பார்ப்பதற்கும் மூன்று மீற்றர் நடக்க விட்டுப் பார்ப்பதற்கும் எந்தப் புதுப் பதவியும் தேவையில்லை. பார்த்ததைக் கிளினிக் கொப்பியில் திகதியோடு எழுதி டொக்டருக்குக் காட்டுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள், அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, பாமசிக் குளிசை, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டார் கொடுத்தது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அனுப்புங்கள். நிறுத்திவிட்டதாக அவர்கள் சொல்வதையும் சேர்த்து.