ஹெட்டர்: தலைக்குறிப்பு

உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது முகவரியை மட்டும் அனுப்புவதில்லை. நான் இன்ன உலாவி, இன்ன மொழியில் தந்தால் நல்லது, இன்ன முறையில் சுருக்கி அனுப்பினால் எனக்கு விரிக்கத் தெரியும் என்று வரிவரியாகச் சொல்கிறது. ஒரு பெயர், முக்காற்புள்ளி, ஒரு மதிப்பு. இந்த வரிகளைத்தான் ஹெட்டர் என்கிறோம்.

உலாவியும் சேவையகமும் பேசிக்கொள்ளும் விதிமுறை எச்.டி.டி.பி. 1991-இல் வந்த அதன் முதல் வடிவத்தில் இவை கிடையா. 1996-இல் வெளியான 1.0 ஆவணம், மின்னஞ்சலின் அனுப்புநர், பெறுநர், பொருள் வரிகளுக்கு 1982-இல் வகுத்த வடிவத்தைத் தழுவிக்கொண்டது.

தமிழில் பலர் ‘தலைப்பு’ என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. ‘பக்கத்தின் தலைப்பு’ என்றால் டைட்டிலா ஹெட்டரா என்று எப்படிப் பிரிப்பது? அடியில் வருவது அடிக்குறிப்பு. தலையில் வருவது தலைக்குறிப்பு. கேட்டவுடன் புரிகிறது. எந்த உலாவி என்று சொல்லும் யூசர் ஏஜென்ட் வரிக்குப் ‘பயனர் முகவர்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை.

சோதனைக்காக உலாவியைப் போன்ற தலைக்குறிப்புகளை உருவாக்கித் தரும் சிறிய லைப்ரரிகள் உண்டு. அவற்றில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எல்லா வரிகளும் ஒரே உலாவியிலிருந்து வந்தவையா? ஒவ்வொரு வரியையும் தனித்தனியே குலுக்கி எடுப்பது தவறு. முகவர் வரி ஃபயர்ஃபாக்ஸ் என்கிறது, கூடவே உலாவியின் பெயரையும் பதிப்பையும் சொல்ல குரோம் வகை உலாவிகள் மட்டும் அனுப்பும் ‘செக்-சிஎச்-யுஏ’ வரியும் இருக்கிறது என்றால், அப்படி ஓர் உலாவியே இல்லை. குரோமாகவே இருந்தாலும் இரண்டு வரிகளிலும் பதிப்பு எண் ஒன்றாக இருக்க வேண்டும். விண்டோஸ் 11-இலும் முகவர் வரியில் ‘விண்டோஸ் என்டி 10.0’ என்றுதான் வரும், அங்கே 11.0 என்று எழுதினால் போலி என்பது உடனே தெரியும்.

அடிக்கடி நேரும் பிழை வேறொன்று. குரோமின் வரிகளை அப்படியே நகலெடுத்துப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் பைதான் லைப்ரரியான ரிக்வெஸ்ட்ஸில் ஒட்டுவார்கள். சுருக்கமுறை வரியில் மற்ற முறைகளோடு ‘பிஆர்’ என்பதும் இருக்கும், அது பிராட்லி என்ற சுருக்கமுறை. சேவையகம் அதை நம்பிப் பிராட்லியில் சுருக்கி அனுப்பும். பிராட்லி தொகுப்பை நிறுவியிருக்காவிட்டால் எல்லாம் சரி என்று சொல்லும் நிலைக்குறியீடு 200 தான் வரும், உள்ளடக்கமோ புரியாத எழுத்துக் குவியலாக இருக்கும். தொகுப்பை நிறுவுங்கள், அல்லது ‘பிஆர்’ என்பதை நீக்குங்கள். உங்கள் நிரலுக்கு விரிக்கத் தெரியாததை இந்த வரியில் எழுதக் கூடாது.

வரிகள் அத்தனையும் சரியாக இருந்தும் சேவையகம் மறுத்தால் தலைக்குறிப்பில் தேடிப் பயனில்லை. மறையாக்க இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கலிலேயே பைதானும் குரோமும் வேறுபடும். அது முதல் தலைக்குறிப்பு போய்ச் சேரும் முன்பே நடந்துவிடுகிறது.