டீ-ஷர்ட் காசு யார் கணக்கில் வந்தது?

போன மாதம் ஒரு தம்பி என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்தார். கட்டற்ற மென்பொருள் (மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) பயனர் குழு ஒன்றை ஐந்து வருடமாக முன்னின்று நடத்துகிறவர். வருமான வரித்துறையிலிருந்து வந்த மின்னஞ்சலைக் காட்டினார். 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால், அவர் வேலையே பார்க்காத இரண்டு கம்பெனிகள் அவர் பான் எண்ணில் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்துக் கட்டும் வரி) பிடித்திருக்கின்றன. குழு நடத்திய ஒருநாள் மாநாட்டுக்கு வந்த ஸ்பான்சர் பணம் அது. குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு கிடையாது. "என் கணக்குலயே போடுங்க சார்" என்று சொல்லியிருக்கிறார். மண்டப வாடகை, சாப்பாடு, டீ-ஷர்ட், பேச வந்தவர்களுக்கு ரயில் டிக்கெட் என்று எல்லாம் செலவாகிவிட்டது. ரசீது கால்வாசிகூட இல்லை. தாளில் பார்த்தால் அது அவருடைய வருமானம்.

இந்த வருடம் இதே சிக்கலோடு என்னிடம் வந்த மூன்றாவது குழு இது.

வரியைவிட அவரை அதிகம் நோகடித்தது வேறொன்று. குழுவில் ஒருவர் "அந்தக் காசு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டாராம். கைக்காசையும் போட்டுச் செலவு செய்த பிள்ளை, என் முன்னால் கண்கலங்கினார். "ஏம்ப்பா, மாசாமாசம் கணக்கு எழுதிக் காட்டியிருக்கலாமே" என்றேன். "எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ் சார். கணக்குன்னு ஆரம்பிச்சா ஒருத்தரையொருத்தர் சந்தேகப்படுற மாதிரி ஆயிடும்" என்றார்.

மூன்று குழுக்களும் இதையேதான் சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவே முடியாத பேச்சு இது. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறோமே, தாய்மாமன் வைக்கும் பணத்தையும் பெயர் போட்டுத்தானே எழுதுகிறோம்? அவரைச் சந்தேகப்பட்டா? ஊர்த் திருவிழா முடிந்தால் வரவு செலவு நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். அதனால் வசூல் செய்தவருக்கு மரியாதை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. கணக்கு என்பது பணத்தைக் கையாளுகிறவருக்கான கவசம். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால், உங்களுக்காகப் பேசப்போவது அந்தத் தாள் ஒன்றுதான். நண்பர்களுக்குள் நம்பிக்கை நிலைக்க வேண்டுமென்றால் எழுதித்தான் ஆகவேண்டும். நிரலில் எந்த வரியை யார், என்றைக்கு மாற்றினார் என்று கிட் (Git) மென்பொருளில் பதிந்து வைக்கிறவர்கள் நீங்கள். மூலநிரல் திறந்திருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பேசுகிறவர்கள். உங்கள் பண வரவு செலவு மட்டும் ஏன் ஒருவருடைய தலைக்குள் இருக்க வேண்டும்?

இதற்கு நேர்மாறான ஆட்களும் உண்டு. முதல் கூட்டத்திலேயே தலைவர், செயலாளர், பொருளாளர், ரப்பர் ஸ்டாம்ப். பத்துப் பேர் மாதம் ஒருமுறை கூடி லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பழக இது எதுவும் வேண்டாம். நாளும் இடமும் மாறாமல் இருந்தால் போதும். சென்னை லினக்ஸ் பயனர் குழு பல வருடங்கள் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடியது. அந்தத் தேதி எல்லோருக்கும் மனப்பாடம்.

பணமும் சாவியும் வரும்போதுதான் முறை வேண்டும். சாவி என்றால் டொமைன் (இணையதள முகவரி), சர்வர் கடவுச்சொல் எல்லாம். 2009 ஜூலையில் சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தின் உருவாக்குநர்கள், தங்கள் நிறுவனர்களில் ஒருவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டிவந்தது. டொமைன் அவர் பெயரில், நன்கொடை வந்த பேபால் கணக்கு அவர் கையில், ஆனால் ஆளைப் பிடிக்கவே முடியவில்லை. சில நாட்களில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். எண்ணற்ற சர்வர்களில் ஓடிய மென்பொருளுக்கே அந்த நிலை. வேலை கிடைத்து ஜெர்மனி போய்விட்ட அண்ணனின் ஜிமெயிலில் இருக்கும் உங்கள் டொமைனை யார் புதுப்பிப்பார்கள்?

"அப்ப சங்கமாப் பதிவு பண்ணிடலாமா சார்?" என்பதுதான் அடுத்த கேள்வி. அவசரப்படாதீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். உறுப்பினர் எண்ணிக்கையோ வரவு செலவோ ஓர் அளவைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ஆனால் பதிவு செய்ததோடு வேலை முடிவதில்லை. வருடாவருடம் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகள் மாறினால் தெரிவிக்க வேண்டும். முதல் வருடம் ஆர்வமாகச் செய்துவிட்டு அப்படியே விட்ட சங்கங்களின் கோப்புகள் என் அலமாரியில் கிடக்கின்றன. பழைய பாக்கியைச் சரிசெய்வது, புதிதாக ஆரம்பிப்பதைவிடக் கடினம்.

இன்னொரு வழி உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் இன்றுவரை தன் பெயரில் பதிவு செய்துகொள்ளவில்லை. 1997-இல் அமெரிக்காவில் தொடங்கிய எஸ்பிஐ (Software in the Public Interest; வங்கி அல்ல) போன்ற லாபநோக்கற்ற அமைப்புகள் அதன் பணத்தையும் சொத்தையும் வைத்துக் காக்கின்றன. உங்களுக்குத் தெரிந்து, ஏற்கெனவே பதிவு பெற்று ஒழுங்காகக் கணக்குக் காட்டும் அறக்கட்டளையோ கல்லூரியோ இருந்தால், ஸ்பான்சர் பணத்தை அங்கே வாங்கச் சொல்லுங்கள். என்ன ஏற்பாடு என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்.

பதிவு உண்டோ இல்லையோ, இவற்றைச் செய்யுங்கள். தனி ஆள் கணக்கில் ஸ்பான்சர் பணம் வாங்காதீர்கள். டீக்கடைக் காசானாலும் அன்றைக்கே விரிதாளில் ஏற்றுங்கள், ரசீதைப் படமெடுத்துப் பக்கத்திலேயே வையுங்கள். அந்தத் தாளை எல்லா உறுப்பினர்களும் பார்க்க முடிய வேண்டும். வங்கிக் கணக்கு தொடங்கினால் இரண்டு கையெழுத்து. வெளிநாட்டு அமைப்பு இருநூறு டாலர் தருகிறேன் என்றாலும் குழுவுக்காக உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கவே வாங்காதீர்கள். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் விளையாட்டில்லை. முதலில் ஒரு ஆடிட்டரைக் கேளுங்கள், கேட்பதற்குக் காசு வாங்காதவர்கள் எங்களில் நிறையப் பேர் இருக்கிறோம்.

அப்புறம் சாவி. அடுத்த கூட்டத்தில் டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில், எந்தத் தேதி வரை என்று கேட்டு எழுதி, மூன்று பேரிடம் கொடுங்கள். அந்த மூவரில் ஒருவர் ஊர் மாறுகிறார் என்றால், அவரை வழியனுப்பும் அன்றே நான்காமவர் கைக்கு அது வந்துவிட வேண்டும்.