கண்ணாடிக்கு முதலிடம் கொடுத்தவர்

"நடுக்கடல்ல மொகம் பாக்கவா அண்ணே கண்ணாடி?" என்று மேலாளர் கேட்டதும் மேசையைச் சுற்றியிருந்த நான்கு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்த அண்ணன் மட்டும் பேனாவை உருட்டிக்கொண்டு பேசாமல் இருந்தார்.

நாகர்கோவிலில் ஒரு மொத்த ஜவுளி வியாபார நிறுவனத்தின் ஊழியர்களுக்கு நான் நடத்திய பயிற்சி அது. ஆறு ஆறு பேராகப் பிரித்து உட்கார வைத்திருந்தேன். கையில் கொடுத்த தாளில் இருந்தது இதுதான்: தென் பசிபிக்கில் நீங்கள் வந்த படகு தீப்பற்றி மூழ்கிக்கொண்டிருக்கிறது. கரை ஏறத்தாழ ஆயிரம் மைல் தூரம். ரப்பர் மிதவை ஒன்று கைவசம் உண்டு. மிஞ்சியிருக்கும் 15 பொருட்களை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்த வேண்டும். முகம் மழிக்கும் கண்ணாடி, தண்ணீர், உணவுப் பொட்டலம், பிளாஸ்டிக் விரிப்பு, தூண்டில், கயிறு, கொசுவலை, வரைபடம் என்று பட்டியல் போகும். முதலில் ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும், யாரிடமும் பேசக் கூடாது. அப்புறம் குழுவாகப் பேசி ஒரே வரிசைக்கு வர வேண்டும். கடைசியில் கடல் அனுபவமுள்ள வல்லுநர்கள் தந்த வரிசையோடு ஒப்பிடுவோம்.

பட்டியலில் செக்ஸ்டன்ட் என்று ஒரு கருவியும் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னாலே அறை பத்து நிமிடம் கட்டுக்குள் வராது. அதனால் 'நட்சத்திரக் கோணம் பார்க்கும் கருவி' என்று மாற்றி எழுதி வைத்திருக்கிறேன். ஆங்கிலத் தாளை அப்படியே நகலெடுத்துக் கொடுக்கும் பயிற்சியாளர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை: ஆங்கிலம் வேகமாகப் படிக்கிறவர்தான் அந்த மேசையின் தலைவர் ஆகிறார். ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

மதிப்பெண் கணக்கு எளிது. நீங்கள் ஒரு பொருளுக்கு 3-ஆம் இடம் கொடுத்து, வல்லுநர்கள் 14 கொடுத்திருந்தால் வித்தியாசம் 11. இப்படிப் பதினைந்துக்கும் கூட்டினால் வருவது உங்கள் எண். குறைய வந்தால் நல்லது. முழுக்கத் தலைகீழாக எழுதியவருக்கு 112 வரும்.

அந்த மேசையில் ஐந்து பேரின் எண்கள் 58, 52, 64, 46, 60. கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அந்த அண்ணனுக்கு 28. ஆறு பேரின் சராசரி 51-க்குக் கொஞ்சம் மேல். குழுவாகப் பேசி எடுத்த முடிவுக்கு வந்தது 50. அரை மணி நேரம் தொண்டை வற்றப் பேசி அவர்கள் சம்பாதித்தது ஒரே ஒரு புள்ளி. பேசாமல் அண்ணன் தாளை வாங்கி அப்படியே எழுதியிருந்தால் 22 புள்ளி லாபம்.

அவர் தூத்தூர்ப் பக்கத்து மீனவ ஊர்க்காரர். இருபது வயதுவரை அப்பாவோடு தொழிலுக்குப் போனவர். தொழில் என்றால் எங்கள் மேற்குக் கரையில் கடல்தொழில்தான், வேறு விளக்கம் வேண்டாம். கண்ணாடியை ஏன் முதலில் போட்டார் என்று கேட்டேன்.

"நம்மள ஒருத்தன் கண்டாத்தான சார் மத்ததெல்லாம் கிட்டும்? தண்ணி எத்தன நாளைக்கு வரும்?"

வல்லுநர்களின் வரிசையிலும் கண்ணாடிதான் முதலிடம். வெயிலைத் திருப்பி அடித்தால் வெகு தூரத்தில் போகும் கப்பலோ விமானமோ பார்த்துவிடும். இரண்டாவது, எண்ணெயும் பெட்ரோலும் கலந்த டின். தண்ணீர்மேல் மிதக்கும், பற்றவைத்தால் இரவிலும் தெரியும். தண்ணீர் மூன்றாவது. துணைக் கருவியும் அட்டவணையும் இல்லாத செக்ஸ்டன்டுக்குக் கடைசி இடம். மேலாளர் அதற்கு நான்காம் இடம் கொடுத்திருந்தார், விலை உயர்ந்த பொருளாகத் தெரிந்ததாம்.

இந்த வகைப் பயிற்சிகளில் மிகப் பிரபலமானது நிலவுப் பயிற்சி. ஜே ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் உருவாக்கியது. தாய்க்கலத்திலிருந்து 200 மைல் தள்ளி நிலவில் இறங்கிவிட்டீர்கள், இருக்கும் 15 பொருட்களில் எதை எடுத்துக்கொண்டு நடப்பீர்கள் என்பது கேள்வி. ஆக்சிஜன் முதலிடம், தண்ணீர் இரண்டு, தீப்பெட்டி கடைசி. திசைகாட்டிக்கு 14-ஆம் இடம். பூமியைப் போல நிலவு முழுவதற்கும் பொதுவான காந்தப்புலம் கிடையாதே. குழு எப்படிப் பேச வேண்டும் என்பதற்கும் ஹால் சில விதிகள் தந்தார். ஓட்டெடுப்பு கூடாது. சராசரி போடக் கூடாது. நாணயம் சுண்டக் கூடாது. சண்டை வேண்டாமே என்பதற்காக மட்டும் விட்டுக்கொடுக்கவும் கூடாது.

கடைசி விதிதான் நம் ஆட்களுக்குப் பெரும்பாடு. "சரி, சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனையோ நல்ல யோசனைகள் இந்த மாவட்டத்து அலுவலகங்களில் அடங்கிப் போயிருக்கின்றன. வயதில் மூத்தவர், சம்பளத்தில் மூத்தவர், பட்டம் படித்தவர் என்று மரியாதைக்கு நம்மிடம் பல படிகள். கிடங்குக்காரர் எந்தப் படியில் நின்று பேசுவது?

அதனால் ஒவ்வொரு மேசையிலும் ஒருவரை ஆட்டத்தில் சேர்க்காமல் ஓரத்தில் உட்கார வைப்பேன். யார் பேசினாலும் பெயருக்கு நேரே ஒரு கோடு, யாராவது குறுக்கே விழுந்தால் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான் வேலை. அன்றைய தாளில் மேலாளர் பெயருக்கு நேரே 43 கோடுகள். அண்ணன் பெயருக்கு நேரே இரண்டு கோடு, இரண்டிலும் பெருக்கல் குறி. அந்தத் தாளை மேசை நடுவில் வைத்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. மேலாளர் நல்ல மனிதர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, வேற எதாவது சொல்லி நான் கேக்காம விட்டிருக்கனா?" என்றார்.

அண்ணன் தயங்கினார். பிறகு சொன்னார். கிடங்கில் வடக்குச் சுவரை ஒட்டி அடுக்கும் பண்டல்களின் அடிவரிசை ஒவ்வொரு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கும் ஈரம் கோத்துவிடுகிறதாம். அடியில் பலகை போடச் சொல்லி இரண்டு வருடமாகச் சொல்கிறாராம். கழிவு விலையில் தள்ளிவிட்ட துணியின் கணக்கை மேலாளர் அங்கேயே செல்போனில் போட்டுப் பார்த்தார். தொகையைச் சத்தமாகச் சொல்லவில்லை.

ஆட்டத்தைவிட அதற்குப் பிந்தைய இந்தப் பேச்சுக்குத்தான் நான் காசு வாங்குகிறேன் என்று சொல்வேன். ஒரு மணி நேரம் ஆடினால் ஒரு மணி நேரமாவது பேச வேண்டும். பல இடங்களில் மதிப்பெண்ணை அறிவித்து, வென்ற குழுவுக்குக் கைதட்டி, டீயும் பழம்பொரியும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதற்குக் கேரம் போர்டே போதும். இன்னொன்று, சில நிறுவனங்கள் அந்தத் தாள்களைக் கேட்கும், பதவி உயர்வுக்குப் பார்க்க வேண்டும் என்று. நான் கொடுப்பதில்லை. கொடுத்தால் அடுத்த முறை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இனி என் தவறு. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒக்கி புயலுக்குச் சில வருடங்கள் கழித்து, கடற்கரையில் வேலை செய்யும் ஒரு அமைப்பின் பணியாளர்களுக்குப் பயிற்சி. பையில் தயாராக இருந்த கடல் தாளையே எடுத்து நீட்டினேன். கடல்பக்கத்து ஆட்கள், ஆர்வமாக ஆடுவார்கள் என்று ஒரு நினைப்பு. நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. முன்வரிசையில் ஒரு பெண் பேனாவை மூடிவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். பக்கத்திலிருந்தவர் அவரைப் பார்த்துவிட்டுத் தன் தாளையும் கவிழ்த்தார். அப்படியே ஒவ்வொருவராக.

ஒக்கி அடித்த 2017 நவம்பர் 30-ஆம் தேதி கடலில் இருந்தவர்களில் அந்தப் பெண்ணின் தம்பியும் ஒருவர். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து திரும்பியவர்கள் உண்டு. அந்தத் தம்பி திரும்பவில்லை. தண்ணீரா கண்ணாடியா கயிறா என்று அந்த அக்காவிடம் வரிசை கேட்டிருக்கிறேன் நான், மணியும் அடித்து.

தாள்களைச் சேகரித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். வேறென்ன செய்ய முடியும்? அன்றைக்குப் பயிற்சி அதோடு நின்றது.

அதிலிருந்து, ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: யார் வருகிறார்கள், எந்த ஊர்க்காரர்கள், எதை இழந்தவர்கள். சுனாமியும் ஒக்கியும் பார்த்த கரையில் கடல் தாள் எடுப்பதில்லை. 2021 நவம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியவர்கள் இருந்தால் வெள்ளத்தை வைத்து ஆடும் தாளும் வேண்டாம். தொடங்கும்போதே, விரும்பாதவர் காரணம் சொல்லாமல் கோடு போடும் வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் நிலவுதான். அங்கே யாருக்கும் சொந்தக்காரர் இல்லை. விடையைச் செல்போனில் தேடுகிறவர்கள் ஒரு தொல்லை, அதற்குக் கைபேசிகளை வாசலில் ஒரு வாளியில் வாங்கி வைக்கிறேன்.

அதே அமைப்பு மூன்று மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டது. நிலவுத் தாளோடு போனேன். அந்த அக்கா வந்திருந்தார். நைலான் கயிற்றுக்கு மூன்றாம் இடம் வேண்டும் என்று பிடித்த பிடியை அவர் விடவில்லை, ஒருங்கிணைப்பாளரே இரண்டு தடவை குறுக்கிட்டும். கோடு போட்டவர் தாளில் அவர் பெயருக்கு நேரே நிறையக் கோடுகள். கடைசியில் வரிசையை வாசித்தேன், கயிறு ஆறாவது.

"சந்திரன்ல வேணும்னா ஆறா இருக்கும் சார்" என்றார்.