சுத்திகரிப்பு

வடமொழியிலிருந்து வந்த 'சுத்தி' என்பதோடு, செய்தல் என்னும் பொருள்தரும் 'கரி' சேர்ந்து, அங்கீகரிப்பு, நிராகரிப்பு போல முடிந்த தொழிற்பெயர் இது. ஆலைக் கழிவுநீருக்கு ஆங்கிலத்தார் ஆளும் 'ட்ரீட்மென்ட்' என்பதோ கையாளுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. நீரைக் கையாண்டோம் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. நம் சொல், நீர் தூய்மையாகிவிட்டது என்றே முடித்துவிடுகிறது.

கொடைக்கானல்காரர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே புரியும். 1983 முதல் 2001 வரை அங்கு இயங்கிய வெப்பமானி ஆலையின் பாதரசம் மண்ணிலும் பாம்பார்ச் சோலையிலும் கலந்தது. அச்சோலையின் நீர்தான் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக இறங்குகிறது. பாதரசம் ஒரு தனிமம் என்பதால் எரித்தாலும் காய்ச்சினாலும் அழியாது. ஆவியாகி வேறிடம் போகும், அவ்வளவே. எனவே பாதரசம் கரைந்த நீரில் சல்பைடு உப்பைச் சேர்க்கிறார்கள். பாதரசம் அதோடு சேர்ந்து கரையாத கரும்பொடியாக மாறி அடியில் படிந்ததும் வடிகட்டி, எஞ்சிய நுண்ணளவைக் கிளர்வூட்டிய கரியில் ('ஆக்டிவேட்டட் கார்பன்') ஒட்டிக்கொள்ளச் செய்கிறார்கள். ஆற்றிலோ ஓடையிலோ விடும் ஆலைநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது என்பது இந்திய விதி. நீர் தெளிந்துவிடும், நஞ்சு முழுதும் சேற்றிலும் கரியிலும் இருக்கும்.

சித்த மருத்துவத்திலும் 'சுத்தி' உண்டு. பாதரசத்தைச் செங்கல்தூளோடும் மஞ்சள்தூளோடும் கல்வத்தில் இட்டு அரைத்துக் கழுவுவார்கள். அங்கே வேண்டிய பொருள் பாதரசம், விலகுவது அதன் மாசு. ஆலைநீரிலோ விலக வேண்டியதே பாதரசம்.

'தூ' என்னும் வேரில் பிறந்த 'தூய்மிப்பு' வீட்டுக் கழிவுநீருக்குப் பொருந்தும், ஏனெனில் அங்கே நுண்ணுயிர்கள் அழுக்கை உண்மையாகவே சிதைத்துவிடுகின்றன. நச்சு உலோகம் கலந்த நீருக்கு 'நஞ்சுபிரிப்பு' என்பதையே நான் பரிந்துரைப்பேன். 'நஞ்சகற்றல்' என்றும் சொல்லலாம்தான். ஆனால் பிரிப்பு என்றால், பிரித்ததை எங்கே வைத்தீர்கள் என்ற கேள்வி உடனே எழும். கொடைக்கானலில் எழுந்ததும் அதே கேள்விதான். 2001இல் மூஞ்சிக்கல் பழைய பொருள் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்தது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது; பாதரசம் ஊறிய மண் மலையிலேயே தங்கிவிட்டது.